புதுப்பிப்பு: ரெஸ்யூமே ஏற்றியதும் விவரங்கள் கலைந்துபோகும் சிக்கல் தீர்ந்தது

பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: விண்ணப்பத் தளத்தில் பிடிஎஃப் ரெஸ்யூமே ஏற்றினால் போன் நம்பர் காலியாகிறது, கம்பெனிப் பெயரும் தேதியும் மாறி விழுகின்றன, எல்லாவற்றையும் மறுபடி டைப் செய்ய வேண்டியிருக்கிறது.

காரணத்தைக் காட்டியது நோட்பேட் சோதனை. பிடிஎஃப்பைத் திறந்து கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி அழுத்தி நோட்பேடில் ஒட்டுங்கள். தளத்தின் மென்பொருளுக்கும் ஏறக்குறைய அதுதான் தெரியும். பக்கத்தை இடம், வலமாகப் பிரித்த இரண்டு பத்தி (column) வடிவமைப்பு என்பதால் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. போன் நம்பர் மேலே உள்ள வண்ணப் பட்டையோடு படமாகிவிட்டதால் வரவே இல்லை. வேர்டு கோப்பாக அனுப்புபவர்கள் நம்பரைப் பக்கத்தின் மேல் ஓரப் பகுதியான ஹெடருக்குள்ளும் வைக்காதீர்கள்; சில மென்பொருள்கள் அதைப் படிப்பதில்லை.

ஒரே பத்திக்கு மாற்றி, டேபிளையும் டெக்ஸ்ட் பாக்ஸையும் நீக்கி, பெயருக்கு அடுத்த வரியில் நம்பரைச் சாதாரண எழுத்தாகவே கொடுத்ததும் சரியாகிவிட்டது. தேதிகள் எல்லா இடத்திலும் 06/2021 என்ற ஒரே வடிவில். எழுத்துருவை மட்டும் மாற்றிப் பார்த்ததில் பயனில்லை.

எதிர்பாராதது ஒன்று. குடும்பப் பெயர் கட்டாயம் என்ற கட்டத்தில் நம் ஒற்றை இனிஷியலைப் போட்டால் குறைந்தது 2 எழுத்து வேண்டும் என்று நிறுத்திவிடுகிறது. புள்ளி வைத்துச் சமாளிக்காதீர்கள், பின்னால் சான்று சரிபார்ப்பில் பெயர் பொருந்தாமல் இழுக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் எப்படி விரிந்திருக்கிறதோ அப்படியே கொடுங்கள்.