20 நிமிடம் சும்மா இருந்தால் லேன் பிரிண்டர் காணாமல் போகிறது

கிச்சன் ஆர்டர் அச்சாகும் 80 மி.மீ. தெர்மல் பிரிண்டர். பில்லிங் கம்ப்யூட்டர் வின்டோஸ் 11, இணைப்பு லேன், போர்ட் 9100. ரவுட்டர் மாற்றி நான்கு நாள் ஆகிறது, அன்றிலிருந்துதான் இந்தத் தொல்லை. தொடர்ந்து ஆர்டர் போனால் ஒழுங்காக அச்சாகிறது. 20 நிமிடம் இடைவெளி விழுந்தால் ஆஃப்லைன். பிங் (கருவி நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று கேட்கும் சோதனை) செய்தாலும் பதில் இல்லை. லேன் விளக்கு மட்டும் பச்சையாகவே எரிகிறது. பிரிண்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், அடுத்த இடைவெளி வரைக்கும்.

செல்ஃப் டெஸ்ட் தாளில் ஐபி சரியாக இருக்கிறது. ரவுட்டரிலும் அதே ஐபியை ஒதுக்கியாயிற்று. அதை வேறு எந்தக் கருவியும் எடுக்கவில்லை. கேபிளையும் ரவுட்டர் போர்ட்டையும் மாற்றினோம். வின்டோஸ் போர்ட் அமைப்பில், பிரிண்டரின் நிலையை நெட்வொர்க் வழியாக விசாரிக்கும் எஸ்என்எம்பி டிக்கை எடுத்தோம் (பொய்யான ஆஃப்லைனுக்கு அதுதான் வழக்கமான காரணம், ஆனால் பிங்கே போகாதபோது அதைக் குறை சொல்ல முடியாது). லேப்டாப்பில் நேராகச் செருகி ஒரு மணி நேரம் சும்மா விட்டபோது இணைப்பு அறுபடவில்லை. யுஎஸ்பி வழி கிடையாது, தூரம் 12 மீட்டர்.

ரவுட்டர் போர்ட்டின் மின்சேமிப்பு அம்சமான ஈஈஈ மீதுதான் சந்தேகம். அதை அணைக்க இந்த ரவுட்டரில் இடமில்லை. ஈஈஈ இல்லாத 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் ஒன்றை நடுவில் போட்டு இதே கோளாறைத் தீர்த்தவர்கள் இருக்கிறீர்களா?