புதுப்பிப்பு: வாசகசாலைக் கணினிகளில் சிஸ்டம்டி

பாலக்காடு மாவட்டம் சித்தூரில் நாங்கள் நடத்தும் வாசகசாலையின் கணினிகளில், கணினி எழும்போது சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருளாகப் பழைய சிஸ்வி இனிட்டையே வைத்திருப்பதா, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை மேம்படுத்தி, அதே வேலையைச் செய்யும் புதிய சிஸ்டம்டிக்கு மாறுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். மாறிவிட்டோம்.

முடிவை உறுதிசெய்தது மழைக்கால மின்தடைதான். மின்சாரம் திரும்பிய பின் அச்சுப்பொறிச் சேவை செயலிழந்து கிடந்தால், முன்பெல்லாம் யாராவது வந்து அதைக் கையால் தொடங்க வேண்டியிருந்தது; இப்போது அதன் சேவைக் கோப்பில் 'ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்' என்ற ஒரு வரியைச் சேர்த்திருப்பதால், பிழையோடு நின்றாலும் தானே மீண்டும் இயங்கத் தொடங்குகிறது. கணினி எழும்போது எந்தச் சேவை அதிக நேரம் எடுக்கிறது என்பதையும் 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' என்ற கட்டளை வரிசைப்படுத்திக் காட்டிவிடுகிறது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பதில் எழுதிய அண்ணன் ஒருவர், சிஸ்டம்டியின் நிகழ்வுப் பதிவுகள் (லாக்) நேரடியாகப் படிக்க முடியாத இருமக் கோப்புகளாக இருப்பதையும், ஒரே திட்டம் இத்தனை பொறுப்புகளைத் தன் கையில் எடுத்துக்கொள்வதையும் கடுமையாக எதிர்த்திருந்தார். அவருடைய கவலை நியாயமானது. 2014 பிப்ரவரியில் டெபியனின் தொழில்நுட்பக் குழு சிஸ்டம்டியைத் தேர்ந்தெடுத்தபோது வாக்குகள் சமமாகப் பிரிந்து, தலைவரின் தீர்மான வாக்கால்தான் முடிவு ஏற்பட்டது. அதை ஏற்காதவர்கள் தனியே பிரிந்து சிஸ்டம்டி இல்லாத தேவுவான் என்ற இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். எங்கள் கணினிகளில் பதிவுகளை உரையாக எழுதிவைக்கும் ஆர்சிஸ்லாக் மென்பொருளையும் உடன் வைத்திருக்கிறேன், அண்ணா. பதிவுகள் உரைக் கோப்புகளாகவும் சேமிக்கப்படுவதால், நீங்கள் வழக்கம்போல் 'கிரெப்' என்ற தேடல் கட்டளையைக் கொண்டே தேடலாம்.