டெம்ப்டிபி மறுபடியும் வீங்குகிறது: ரீஸ்டார்ட் போடுவதா, தேடிப் பார்ப்பதா?

இரவு_ஷிஃப்ட்: எஸ்க்யூஎல் சர்வர் 2017 (மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருள்). டெம்ப்டிபிக்கு (சர்வர் தன் தற்காலிக வேலைக்கு வைத்திருக்கும் டேட்டாபேஸ்) மட்டும் தனியாக 400 ஜிபி டிரைவ், வழக்கமாக 20 ஜிபியைத் தாண்டாது. போன வாரம் ஒரு ராத்திரி 2 மணிக்கு டிரைவ் நிரம்பி, 1105 எர்ரர் வந்து, பில்லிங் நின்றே போனது. ரீஸ்டார்ட் செய்ததும் பழையபடி 20க்கு வந்துவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை காலை பார்த்தால் மறுபடி 310. மேனேஜர் 1 டெராபைட் டிஸ்க் வாங்கித் தருகிறேன் என்கிறார். என்ன செய்யலாம்?

ரேக்_ராஜா: தருகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்பார்களா? வாங்கிப் போடுங்கள். வாரம் ஒருமுறை ஞாயிறு விடியற்காலையில் ரீஸ்டார்ட் வைத்துவிடுங்கள், தீர்ந்தது. ராத்திரி 2 மணிக்கு பில்லிங் நிற்கும்போது யாரும் காரணம் கேட்பதில்லை, எப்போது ஓடும் என்றுதான் கேட்பார்கள்.

பழைய_டிபிஏ: 400 நிரம்பினால் 1000 மட்டும் நிரம்பாதா? ஓட்டை பானைக்குப் பெரிய பானை தீர்வாகாது. ரீஸ்டார்ட் செய்தால் டெம்ப்டிபி புதிதாக உருவாகும், நீங்கள் செட் செய்த அளவில் வந்து நிற்கும். அதோடு யார் நிரப்பினார் என்ற தடயமும் போய்விடும். தம்பி, இன்றைக்கு 310 இருக்கிறதே, அதுதான் உங்கள் சாட்சி, அதைக் கலைக்காதீர்கள். முதலில் டிஎம் டிபி ஃபைல் ஸ்பேஸ் யூசேஜ் என்ற வியூவை (சர்வரின் உள்நிலவரத்தைக் காட்டும் பட்டியல்) ஓட்டுங்கள். யூசர் ஆப்ஜெக்ட் (டெம்ப் டேபிள் போன்றவை), இன்டர்னல் ஆப்ஜெக்ட் (சர்வர் தானே உருவாக்குபவை), வெர்ஷன் ஸ்டோர் (மாற்றிய வரிசைகளின் பழைய பிரதிகள்) என்று மூன்று கணக்கு தனித்தனியாகத் தரும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

குவெரி_குமார்: இதற்கு வியூ எல்லாம் எதற்கு? டெவலப்பர்கள் டெம்ப் டேபிளை அள்ளிக் கொட்டியிருப்பார்கள். எல்லாவற்றையும் டேபிள் வேரியபிளாக மாற்றச் சொல்லுங்கள், அது மெமரியில் இருக்கும், டெம்ப்டிபி பக்கமே வராது.

பழைய_டிபிஏ: இந்தக் கதையை இன்னும் எத்தனை வருஷம் சொல்வார்களோ. டேபிள் வேரியபிளும் டெம்ப்டிபியில்தான் உட்காருகிறது. போதாக்குறைக்கு அதற்குப் புள்ளிவிவரம் கிடையாது, ஆப்டிமைசர் (குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்யும் பகுதி) வரிசை எண்ணிக்கையைத் தப்பாகக் கணித்து, மெமரி குறைவாக வாங்கி, சார்ட்டும் ஹேஷ் ஜாயினும் (அடுக்குவதும் டேபிள்களை இணைப்பதும்) டெம்ப்டிபியில் வழியும். இருந்த பிரச்சினையோடு இன்னொன்று சேர்ந்துகொள்ளும்.

இரவு_ஷிஃப்ட்: முதலில் பில்லிங் டேட்டாபேஸில் நின்று ஓட்டிவிட்டேன், வெர்ஷன் ஸ்டோர் பூஜ்யம் என்று காட்டியது. அப்புறம்தான் டெம்ப்டிபிக்குள் போய் ஓட்ட வேண்டும் என்று புரிந்தது. இப்போது யூசர் 2 ஜிபிகூட இல்லை, இன்டர்னல் 3 ஜிபி. வெர்ஷன் ஸ்டோர் 4 கோடியே 32 லட்சம் பக்கம். பக்கத்துக்கு 8 கேபி என்றால் கிட்டத்தட்ட 330 ஜிபி! காலையிலிருந்து இன்னும் ஏறியிருக்கிறது.

பழைய_டிபிஏ: குமார், டெம்ப் டேபிள் நிரபராதி. தம்பி, உங்கள் பில்லிங் டேட்டாபேஸில் ரீட் கமிட்டெட் ஸ்னாப்ஷாட் (எழுதுபவருக்காகப் படிப்பவர் காத்திருக்காமல் பழைய வடிவத்தைப் படிக்கும் வசதி) ஆன் செய்திருப்பீர்கள். அதில் ஒரு வரிசையை மாற்றினால், பழைய வடிவம் வெர்ஷன் ஸ்டோருக்குப் போகும். நிமிஷத்துக்கு ஒருமுறை வேண்டாததைச் சர்வரே துடைக்கும். ஆனால் எங்கோ ஒரு பழைய ட்ரான்சாக்ஷன் (ஒன்றாக முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) கமிட் ஆகாமல், அதாவது உறுதி செய்யப்படாமல், திறந்து கிடந்தால், அதற்குப் பிறகு வந்தது எதையும் துடைக்க முடியாது. அந்த ட்ரான்சாக்ஷன் ஒரே ஒரு வரிசையை மட்டும் தொட்டிருந்தாலும் இதே கதைதான். ஆக்டிவ் ஸ்னாப்ஷாட் ட்ரான்சாக்ஷன் வியூவில் ஓடிய விநாடிகளை இறங்குவரிசையில் போட்டுப் பாருங்கள்.

ரேக்_ராஜா: சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரீஸ்டார்ட் செய்தபோது சரியானதே, அதை மறந்துவிடாதீர்கள்.

பழைய_டிபிஏ: ஏன் சரியானது? அந்த ட்ரான்சாக்ஷனைத் திறந்து வைத்திருந்த செஷனும் (சர்வருடனான இணைப்பு) செத்தது, அதனால். ஒரு ஆளை வெளியே அனுப்ப ஊரையே காலி செய்த மாதிரி.

இரவு_ஷிஃப்ட்: கிடைத்துவிட்டது சார். 1,48,212 விநாடி, 41 மணி நேரம். செஷன் ஸ்லீப்பிங், திறந்த ட்ரான்சாக்ஷன் 1. மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவிலிருந்து (கையால் குவெரி ஓட்டும் கருவி) வந்தது, ஹோஸ்ட் நேம் ரிப்போர்ட் டீமில் ஒருவருடைய கம்ப்யூட்டர். கடைசியாக ஓடியது பிகின் டிரான் (ட்ரான்சாக்ஷனைத் தொடங்கும் கட்டளை) போட்டு ஒரு அப்டேட், ஒரு வாடிக்கையாளரின் முகவரித் திருத்தம். புதன் சாயங்காலம் அதை ஓட்டிவிட்டு, கமிட் போடாமல், ஸ்கிரீனை லாக் செய்துவிட்டுப் போயிருக்கிறார். நேற்றும் இன்றும் லீவு. போனில் கேட்டேன், கில் போட்டு செஷனை முடித்துக்கொள்ளுங்கள், வந்து திரும்பச் செய்கிறேன் என்றார். ஒரு நொடியில் ரோல்பேக் (மாற்றத்தைத் திரும்பப் பெறுவது) முடிந்தது. ஆனால் டிரைவ் குறையவே இல்லையே?

ரேக்_ராஜா: பார்த்தீர்களா! ஞாயிறு ரீஸ்டார்ட் வேண்டும்தானே?

பழைய_டிபிஏ: டிரைவைப் பார்க்காதீர்கள், அதே வியூவில் அன்அலொகேட்டெட் எக்ஸ்டென்ட் (ஃபைலுக்குள் காலி இடம்) கணக்கைப் பாருங்கள். ஃபைல் பெருத்தது பெருத்தபடியே நிற்கும், உள்ளே காலியாகியிருக்கும். அந்த டிரைவ் டெம்ப்டிபிக்கு மட்டும்தானே, இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த பேட்ச் ரீஸ்டார்ட்டில் தானாகச் சுருங்கும்.

இரவு_ஷிஃப்ட்: ஆமாம், 320 ஜிபிக்கு மேல் காலி.

ரேக்_ராஜா: அந்த ஆள் அடுத்த வாரமும் இதையே செய்தால்? ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் காவல் இருக்க முடியுமா? 2019க்குப் போங்கள், ஆக்சிலரேட்டட் டேட்டாபேஸ் ரெக்கவரி (ரெக்கவரியை வேகப்படுத்தும் வசதி) ஆன் செய்தால் வெர்ஷன்கள் டெம்ப்டிபிக்கே வராது.

பழைய_டிபிஏ: பில்லிங் டேட்டாபேஸுக்குள்ளேயே போய் உட்காரும். அப்போதும் திறந்து கிடக்கும் ட்ரான்சாக்ஷன் அதையும் வீங்க வைக்கும், வீக்கம் இடம் மாறும், அவ்வளவுதான். லாங்கஸ்ட் ட்ரான்சாக்ஷன் ரன்னிங் டைம் என்று ஒரு கவுன்டர் ரொம்ப நாளாகவே இருக்கிறது, அதில் ஒரு மணி நேரம் தாண்டினால் அலர்ட் வையுங்கள்.

ரேக்_ராஜா: ராத்திரி 2 மணிக்கு அந்த அலர்ட் வந்தால் யார் எழுந்து பார்ப்பது?

இரவு_ஷிஃப்ட்: நான்தான். அதனால் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்கிறேன், ராத்திரி ஓடும் பில்லிங் ஜாப் ஒன்று ஒன்றரை மணி நேரம் எடுக்கும்.