காவல் சிறார் மன்றம்: போனவர்கள், பிள்ளையை அனுப்பியவர்கள், அங்கே வேலை பார்த்தவர்கள் எழுதுங்கள்

வைகைக்கரை டியூஷன்

மன்றம் என்றால் என்ன என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏரியாப் பிள்ளைகளுக்காகப் போலீஸ் நடத்துவது; சாயங்காலம் கேரம், செஸ், டியூஷன், பொறுப்புக்கு ஒரு ஏட்டு. நான் ஒரு மன்றத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். எந்த ஏரியா என்பது வேண்டாம்.

சித்திரைத் திருவிழா நேரம். எங்கள் ஏட்டு பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். ஸ்டேஷனில் இருந்து யூனிஃபார்மோடு வேறொருவர் வந்து, "எல்லாரும் வரிசையா நில்லுங்கடா, ஒரு போட்டோ" என்றார். சின்னப் பிள்ளைகள் ஓடிப்போய் நின்றார்கள். ஒருத்தி இரண்டு விரலைக் காட்டிச் சிரித்தாள். ஒன்பதாவது படிக்கும் ஒரு பையன் மட்டும் கேரம் போர்டை விட்டு எழவில்லை. ஸ்ட்ரைக்கரில் விரலை வைத்தபடியே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "உனக்குத் தனியாச் சொல்லணுமா?" என்றதும் எழுந்து வந்தான். செல்போனைத் தூக்கியதும் தும்முகிற மாதிரி முகத்தைப் பொத்தினான். மறுபடி எடுத்தார், மறுபடியும் பொத்தினான். முந்தின வாரம்தான் அந்தத் தெருவில் ஒரு பைக் திருடு போயிருந்தது.

அதற்கப்புறம் அவன் வரவில்லை. அவனுடைய அம்மா பூக் கட்டுகிறவர். "வீட்லயே படிக்கட்டும் சார்" என்று மட்டும் சொன்னார். அந்தப் போட்டோ எதற்கு என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

முன்னாள் மன்றத்துப் பையன்

சார், எல்லாப் போட்டோவும் கேஸுக்கு இல்லை. பிள்ளைகள் வருகிறார்கள் என்று மேலதிகாரிக்குக் காட்ட வேண்டும், அதற்கும் எடுப்பார்கள். ஒரு ஆள் செய்ததை வைத்து மன்றத்தையே சந்தேகப்படாதீர்கள்.

என் வீடு செல்லூர். கபடிக்குப் பேர் போன ஊர், ரவுண்டானாவிலேயே கபடிச் சிலைதான். மன்றத்து ஏட்டையா, "கபடியோட நிக்காத, போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடு" என்றார். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். நான் வெறுங்காலில் ஓடிக்கொண்டிருந்தேன். அவர் தன்னுடைய கேன்வாஸ் ஷூவைக் கழற்றி, என் காலுக்குப் பெரிசாக இருந்ததால் நியூஸ் பேப்பரைச் சுருட்டி முனையில் திணித்து, குனிந்து அவரே லேஸ் கட்டிவிட்டார். தெருவில் போனவர்கள் எல்லாம் பார்த்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் என் கால்மாட்டில் உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இப்போது நான் சீருடையில் இருக்கிறேன். அவர் இல்லை.

பழங்காநத்தம் அம்மா

என் மகள் போய்க்கொண்டிருந்தாள். கான்ஸ்டபிள் அக்கா ஒருத்தர் ஏழு மணிக்குப் பொம்பளப் பிள்ளைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு வீடுவீடாக விட்டுவிட்டுப் போவார். டாஸ்மாக் வாசலைத் தாண்டும்போது பிள்ளைகளைச் சுவர் ஓரமாகத் தள்ளிவிட்டு அவர் ரோட்டுப் பக்கம் நடப்பார். அவரை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். அந்த வாரமே எங்கள் தெருப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். என் மகளுக்கு இன்னும் அக்கா ஞாபகம்தான்.

கோர்ட்டு வாசல்

மேலே போட்டோ விஷயம் எழுதியவருக்கு. நான் ஒரு பையனுக்காக ஸ்டேஷனுக்குப் போனபோது அவனை வாசல் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். மன்றத்து உறுப்பினர் அட்டையைச் சட்டைப்பைக்கு வெளியே தெரியும்படி வைத்திருந்தான், அது காப்பாற்றும் என்று நினைத்து. அது கிடக்கட்டும், தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன்.

2015 இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தில் நிறுத்த வேண்டும், பயண நேரம் தனி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் இருக்க வேண்டும், ஏ.எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாமல். ஸ்டேஷனுக்குப் போனால் முதலில் அவர் யார் என்று கேளுங்கள். பிள்ளைகளிடம் பேசும்போது கூடுமானவரை சாதாரண உடையில் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. வழக்கு முடிந்துவிட்டால் அந்தப் பதிவை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூட வெளியே சொல்லக் கூடாது, பிரிவு 74. இதையெல்லாம் மன்றத்துச் சுவரிலேயே எழுதிப் போடலாம். பெற்றோரும் போட்டோ எடுத்தால் எதற்கென்று எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் 1098. ஒரு வக்கீல் நம்பரை வீட்டில் எழுதி வையுங்கள், செல்போனில் மட்டும் வைக்காதீர்கள், அதைத்தான் முதலில் வாங்கி வைப்பார்கள்.

உசிலம்பட்டியான்

முன்னாள் மன்றத்துத் தம்பிக்கு. ஷூவைப் படித்துக் கண் கலங்கியது உண்மை. ஆனாலும் சந்தேகப்படாதே என்று நீ சொல்வதை ஒத்துக்கொள்ள முடியாது.

நாங்கள் மதுரைக்குக் குடிவந்த புதிதில் என் தம்பியை மன்றத்தில் சேர்க்கப் போனோம். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எழுத்தர் மைப்பெட்டியைத் திறந்து அப்பா முன்னால் தள்ளினார். கூட வந்த தாத்தா அப்பாவின் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டார். பேச்சே இல்லை, பிடித்த பிடியை விடவும் இல்லை. ஏட்டு குழம்பிப்போனார். எங்களுக்குப் புரிந்தது. கள்ளர் உள்ளிட்ட சில சாதிகளையே குற்றப் பரம்பரை என்று பதிந்து ரேகை எடுத்த கைரேகைச் சட்டத்தில், ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுத்த தலைமுறை அவர். பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் சுட்டது அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களைத்தான். 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் போனது, ஆனால் தாத்தாவை விட்டுப் போகவில்லை.

நான் படித்தது கள்ளர் சீரமைப்புப் பள்ளியில். ரேகை எடுத்த அதே அரசாங்கம் கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடம். அதனால் போலீஸ் பிள்ளைகளுக்கு நல்லது செய்யவே செய்யாது என்று சொல்ல மாட்டேன். ரேகைப் பேரேடும் பாடப்புத்தகமும் ஒரே கையில் இருக்கும்போது அந்தப் பையன் முகத்தை மூடியது சரிதான் என்கிறேன்.

முன்னாள் மன்றத்துப் பையன்

ஐயா, அந்தப் பையன் மூடியதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஏட்டையா இருந்திருந்தால் அந்தப் போட்டோவே நடந்திருக்காது. அவ்வளவுதான்.

போரிக் பவுடர்

அப்படியானால் எல்லாம் ஒரு ஏட்டை நம்பித்தான் ஓடுகிறது, அதுதானே பிரச்சினை? 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் சென்னை ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா மூன்று தங்கம் வாங்கினாள். எங்கள் மன்றத்துப் பிள்ளைகள் அவள் படத்தை வெட்டி போர்டு மேலேயே ஒட்டி வைத்திருந்தார்கள். ஏட்டு மாறிப்போனார், அறையின் சாவி யாரிடம் என்றே தெரியாமல் மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. மழைக்கு ஒழுகி போர்டு ஊதிப்போய்விட்டது. பழங்காநத்தம் அம்மா எழுதிய கான்ஸ்டபிள் அக்கா கதையும் இதேதான். மாறுதல் உத்தரவு போடும்போதே மன்றத்துக்கு அடுத்த ஆள் யார், சாவி யாரிடம் என்று கூடவே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கமிஷனர் ஆபீஸுக்கு மனு எழுதப்போகிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் கீழே ஏரியாவை மட்டும் எழுதுங்கள்.

பழங்காநத்தம் அம்மா

பழங்காநத்தம்.