வெள்ள அரிப்புக்காகப் பாலத்தின் பைல் நீளத்தைக் கூட்டினால் போதுமா?

ஆற்றோரன்:
ஆற்றுப்பாலத் தூண் ஒன்றுக்கு 1.2 மீட்டர் விட்டத்தில் துளையிட்டு வார்க்கும் பைல்கள், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் கால்கள். பைல் தலைகளை இணைக்கும் கான்கிரீட் கட்டையான பைல் கேப் ஆற்றுப் படுகை மட்டத்தில் இருக்கிறது, மண் முழுக்க மணல், வெள்ளத்தில் 8 மீட்டர் வரை அரிக்கலாம் என்று நீரியல் அறிக்கை சொல்கிறது. அந்த 8 மீட்டரில் பைலின் பக்கங்களில் மண் தரும் உராய்வைக் கழித்து, ஈடாகக் கீழே நீளத்தைக் கூட்டிவிட்டேன், செங்குத்துப் பளுவுக்குச் சரியாக வருகிறது. மூத்த பொறியாளர் பார்த்துவிட்டு இன்னும் பாதி வேலை பாக்கி என்கிறார். எதை விட்டேன்?

மணல்மேடு:
பக்கவாட்டு விசையை விட்டுவிட்டீர்கள். வண்டிகளின் பிரேக், நீரோட்டம், நிலநடுக்கம் எல்லாம் சேர்ந்து பைலுக்கு 150 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். அரிப்பு இல்லாதபோது படுகைக்குக் கீழே தோராயமாக 5 மீட்டரில் பைலுக்குப் பிடிமானம் கிடைக்கும், தலையைக் கேப் திரும்பவிடாது, ஆகவே பைலை வளைக்கும் மொமெண்ட் 150 × 5 ÷ 2 = 375 கிலோநியூட்டன் மீட்டர். அரித்தபின் அந்த 5 மீட்டர் 13 ஆகிவிடும், மொமெண்ட் 975. நகர்வு நீளத்தின் முப்படியில் கூடுவதால் 17 மடங்கைத் தாண்டும்! நுனியில் இன்னும் பத்து மீட்டர் நீட்டினாலும் இது மாறாது, ஏனென்றால் பிடிமானம் மேலேயே கிடைத்துவிடுகிறது. விட்டத்தையோ எண்ணிக்கையையோதான் கூட்ட வேண்டும். 1.5 மீட்டர் ஆக்கினால் விறைப்பு ஏறத்தாழ 2.4 மடங்கு.

ஆற்றோரன்:
அப்போ செங்குத்துக் கணக்காவது சரிதானே?

சாந்துச்சட்டி:
அதுவும் சந்தேகம்தான். மணலில் உராய்வு மேலிருக்கும் மண்ணின் எடையைப் பொறுத்தது, அரித்த மண்ணின் எடை போய்விடுவதால் கீழேயுள்ள உராய்வும் குறையும். அழுத்தத்தை எந்த மட்டத்திலிருந்து எண்ணினீர்கள் என்று பாருங்கள், மென்பொருள் பழைய படுகையையே பிடித்துக்கொண்டிருக்கும். அப்புறம் நுனித் தாங்குதிறனை, அதாவது பைலின் அடிமுனை மண்ணில் ஊன்றித் தாங்குவதை, ரொம்ப நம்பாதீர்கள். உராய்வு பத்து மில்லிமீட்டர் அளவு இறங்கும்போதே முழுதாகக் கிடைத்துவிடும், நுனிக்கு விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 120 மில்லிமீட்டர் இறங்க வேண்டியிருக்கும். பாலத்தின் மேல்தளம் அதைத் தாங்குமா? துளை சரியாமல் இருக்க ஊற்றும் பென்டோனைட் களிமண் சேறு அடியில் தங்கினால் இன்னும் மோசம், கான்கிரீட் ஊற்றும் முன் அடியைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

மணல்மேடு:
ஆமாம். இன்னொன்று, முழு அரிப்பையும் முழு நிலநடுக்கத்தையும் அப்படியே சேர்க்காதீர்கள், எவ்வளவு குறைக்கலாம் என்று விதிநூலைப் பாருங்கள். இல்லாவிட்டால் கம்பி வைக்கவே இடம் இருக்காது.