ரோபோ உதவியுடன் இடுப்பு மூட்டு மாற்று: எங்கள் அனுபவம்

தோல் நோய்க்காகப் பல ஆண்டுகள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டதில், என் இடது தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து, ஏவிஎன் எனப்படும் எலும்புச் சிதைவு முற்றி, 52 வயதில் அந்தக் கால் குட்டையாகிவிட்டது. இடது செருப்பின் அடியில் அரை அங்குல ரப்பர் ஒட்டி நடந்துகொண்டிருந்தேன்.

ரோபோ என்றதும் இயந்திரமே எல்லாவற்றையும் செய்துவிடும் என்றுதான் எண்ணினேன். 1992-இல் அமெரிக்காவின் சாக்ரமென்டோவில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்பட்ட ரோபோடாக் என்ற அறுவை ரோபோ, தொடை எலும்பின் உட்குழியைத் தானே குடைந்தது உண்மைதான். எனக்குச் செய்தது அதுவன்று. சிடி ஸ்கேனிலிருந்து உருவாக்கிய என் இடுப்பெலும்பின் முப்பரிமாணப் படத்தைத் திரையில் வைத்து, இடுப்புக் குழியில் பொருத்தும் செயற்கைக் கிண்ணம் எத்தனை பாகை சாய்ந்து அமர வேண்டும், கால் எத்தனை மில்லிமீட்டர் நீளும் என்பதையெல்லாம் மருத்துவர் முன்கூட்டியே முடிவு செய்து எனக்கும் காட்டினார். "எலும்பைக் கடைவது நான்தான் சார், வகுத்த எல்லையை மீறாமல் பிடித்துக்கொள்வது மட்டும் அதன் வேலை" என்றார்.

முன்பே யாரும் சொல்லாதது ஒன்று உண்டு. எலும்பு அசைவதைக் கேமரா தொடர்ந்து அறிவதற்காக இடுப்பெலும்பின் விளிம்பில் ஊசிகளைச் செருகுகிறார்கள். பெரிய தையலின் வலி அடங்கிய பின்னும், சரியாகக் கைலி முடிச்சு விழும் இடத்தில் இருந்த அந்தச் சிறு காயங்கள் பத்து நாள் உறுத்தின.

மறுநாளே வாக்கரைப் பிடித்து நடந்தேன். ஆனால் ஆறு வாரம் வரை இடது கால் நீண்டுவிட்டதாகவே தோன்றியது. பயந்துபோய்க் கேட்டபோது, வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் என்னைப் படுக்கவைத்து நாடாவால் அளந்து, "கால் சரியாகத்தான் இருக்கிறது ஐயா, உங்கள் இடுப்புதான் பழைய சாய்வை இன்னும் விடவில்லை" என்றார். நான் அதே ரப்பர் செருப்பைத்தான் வராந்தாவில் போட்டு நடந்துகொண்டிருக்கிறேன் என்பதையும் அவர்தான் கவனித்தார்!

காப்பீடு உள்ளவர்கள், ரோபோ சிகிச்சைக்குத் தனி உச்சவரம்பு உண்டா என்று பாலிசியில் முன்பே பார்த்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை.

*

மேலே உள்ளதைப் படித்ததும் என் அம்மாவின் அனுபவத்தையும் எழுதத் தோன்றியது. 71 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது. ரோபோ உள்ள மருத்துவமனைதான் என்றாலும், முறிவைக் காக்கவைக்கக் கூடாது என்று வழக்கமான முறையிலேயே மூட்டை மாற்றினார்கள். ரோபோதான் வேண்டும் என்று நாங்கள் வாதாடியதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மூன்றாம் நாள் அம்மா வாக்கருடன் நடந்துவிட்டார்.

எங்களுக்குச் சிக்கல் வந்தது வீட்டில்தான். பின்புறமாகத் திறந்து செய்த அறுவை என்பதால், மூன்று மாதம் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது என்றார்கள். வீட்டில் இருந்ததோ தரையோடு பதித்த கழிவறை. கமோடு நாற்காலி வாங்கினோம், கட்டிலின் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினோம். தரையில் அமர்ந்தே கீரை ஆய்ந்து பழகியவரை மேசையருகே உட்காரவைத்ததை மட்டும் அம்மா இன்னும் மன்னிக்கவில்லை. "சொந்த வீட்டில் விருந்தாளி ஆக்கிவிட்டீர்கள்" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் ஆய்கிறார்.