பிரெஞ்சில் 'லெ' எங்கே, 'லுயி' எங்கே? உதவி தேவை

நெய்தல்:
டெல்ஃப் பி1 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வுக்குத் தயாராகிறேன். 'அவருக்கு உதவுகிறேன்' என்பதற்கு 'ழெ லுயி எத்' என்று எழுதினால் தவறு என்கிறார்கள். 'அவருக்கு போன் செய்கிறேன்' என்பதற்கு மட்டும் 'ழெ லுயி தெலெஃபோன்' சரியாம். தமிழில் இரண்டுமே 'அவருக்கு' தானே? இரண்டு பிரதிப்பெயர்கள் சேர்ந்து வந்தால் எது முதலில் என்பதும் குழப்புகிறது.

கரைவழி:
தமிழ் வேற்றுமை உருபை அப்படியே பிரெஞ்சுக்கு மாற்றுவதுதான் சிக்கல். 'கு' வந்தால் லுயி, 'ஐ' வந்தால் லெ என்ற கணக்கு எல்லா வினைகளுக்கும் ஒத்துவராது. 'ஆ' என்ற முன்னிடைச்சொல் இல்லாமல் ஆளை நேராக ஏற்கும் வினைக்கு லெ (அவனை), லா (அவளை), லே (அவர்களை); 'ஆ' கேட்கும் வினைக்கு லுயி (அவனுக்கு, அவளுக்கு), லெர் (அவர்களுக்கு).

தமிழில் 'அவருக்கு' வந்தும் பிரெஞ்சில் நேராக ஏற்பவை: எதே (உதவு), ரெமெர்சியே (நன்றி சொல்). 'அவருக்காகக் காத்திரு' என்பதற்கான அத்தாந்த்ர வினையும் இதே கட்சி. ஆகவே 'ழெ லெத்', 'ழெ லெ ரெமெர்சி', 'ழெ லத்தான்'.

'ஆ' கேட்பவை: தெலெஃபொனே (போன் செய்), பார்லே (பேசு), ரெபோந்த்ர (பதில் சொல்), ஒபெயிர் (கீழ்ப்படி), தெமாந்தே (கேள்), ரெஸாம்ப்லே (போல இரு). கடைசி இரண்டும் தமிழரை அதிகம் ஏமாற்றும். 'அவரிடம் கேட்டேன்', 'அம்மாவைப் போல இருக்கிறாள்' இரண்டிலும் 'கு' இல்லை, ஆனாலும் லுயிதான். போனுக்கு அப்லே என்ற வினையைப் போட்டால் மறுபடி நேர்: 'ழெ லப்பெல்'.

அகராதியில் 'கெல்க்கன்' (யாரோ ஒருவர்) என்று மட்டும் இருக்கிறதா, 'ஆ கெல்க்கன்' என்றிருக்கிறதா பார்த்து வினையோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். மெ (என்னை, எனக்கு), தெ (உன்னை, உனக்கு), நூ (எங்களை, எங்களுக்கு), வூ (உங்களை, உங்களுக்கு) இரண்டு வேலைக்கும் ஒன்றுதான். பிழை படர்க்கையில்தான் வெளியே தெரியும். லுயி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது.

தமிழ்மணி:
வரிசைக்கு: மெ, தெ, நூ, வூ முதலில், அடுத்து லெ, லா, லே, அதற்குப் பின் லுயி, லெர். 'இல் மெ லெ தோன்' (அவர் அதை எனக்குக் கொடுக்கிறார்), ஆனால் 'ழெ லெ லுயி தோன்' (நான் அதை அவருக்குக் கொடுக்கிறேன்). உடன்பாட்டு ஏவலில் எல்லாம் வினைக்குப் பின்னால் போய், மெ முவா ஆகிவிடும்: 'தோன் லெ முவா'. எதிர்மறை ஏவலில் பழைய இடத்துக்கே திரும்பும்: 'நெ மெ லெ தோன் பா'. மெ, லுயி இரண்டையும் வினைக்கு முன் ஒன்றாக வைக்கவே முடியாது. 'என்னை அவருக்கு அறிமுகப்படுத்துகிறார்' என்றால் 'இல் மெ ப்ரெஸான்த் ஆ லுயி'.

நெய்தல்:
கடிதத்துக்குப் பதில் எழுதுகிறேன் என்றாலும் லுயியா?

கரைவழி:
இல்லை. லுயி ஆளுக்கு. பொருளுக்கு 'ஆ' வந்தால் 'இ': 'ழி ரெபோன்'. பான்சே (நினை) போன்ற சில வினைகள் விலக்கு, ஆளை நினைத்தாலும் 'ழெ பான்ஸ் ஆ லுயி'.

தமிழ்மணி:
பாசே கொம்போசே என்ற இறந்தகால வடிவத்தில் இன்னொன்று கவனியுங்கள். நேர்ச் செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்தால் வினையெச்ச வடிவம் அதன் பால், எண்ணோடு ஒத்துப்போகணும். கடிதம் பெண்பால், எனவே 'ழெ லே எக்ரித்' (அதை எழுதினேன்; இங்கே லே என்பது லா, ஏ இரண்டும் சேர்ந்தது). ஆளுக்கு எழுதியதைச் சொன்னால் 'ழெ லுயி ஏ எக்ரி', அங்கே மாற்றமே கிடையாது. 'பார்த்தேன்' போன்ற வினையில் இந்த வேறுபாடு காதுக்குக் கேட்காது, எழுத்தில் மட்டும் மதிப்பெண் போகும்.

நெய்தல்:
அப்படியானால் 'புத்தகத்தை அவளுக்குக் கொடுக்கப்போகிறேன்' என்பது 'ழெ வே லெ லுயி தொனே'. சரியா?

தமிழ்மணி:
சரி. இரண்டும் தொனேக்கு முன்னால்தான், 'வே' என்ற துணைவினைக்கு முன்னால் அல்ல.